வளைவு இன்னும் வரவில்லை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை உண்டு. பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ரகத்துக்கு இது பெரிய சௌகரியம். 'இன்னும் ஏழுதான், பல்லைக் கடிச்சுக்கோ' என்று முதுகில் தட்டிக் கொடுக்கலாம். நான் அந்த ரகம். ஆகவே ஒரு எலுமிச்சம்பழம் சகிதம் ஏறினேன்.

கூட மனைவி. அப்புறம் என் பழைய ஆபீஸ் நண்பர். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். எனக்கு முழங்கால் வலி, அவருக்குச் சர்க்கரை. மனைவிக்கு லேடீஸ் சீட் கிடைத்தது. நண்பருக்கு ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கு டை அடித்த தலை என்பதால் யாரும் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். பத்தொன்பது, இருபது வயசிருக்கும். முதுகில் பை. மலை மேல் ஏதோ ஊர், சேலத்தில் காலேஜ் போலிருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஒரு இளைஞன், இஸ்திரி கலையாத சட்டை. பஸ் கோரிமேடு தாண்டி நேர் ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பையன் சாய்ந்தான். நிமிர்ந்தான். மறுபடி சாய்ந்தான். மூன்றாம் தரம் சாய்ந்தபோது அந்தப் பெண் திரும்பினாள். கத்தவில்லை. கொஞ்சம் உரக்க, அவ்வளவுதான்.

"அண்ணே, வளைவு இன்னும் வரலை. அடிவாரமே வரலை. அதுக்குள்ள சாயறீங்களே!"

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். என் நண்பர் விடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்பு சொன்னார்.

"விடும்மா. வயசுப் பையன். ஆம்பளைப் புள்ளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். இயற்கை. நாமதான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கணும்."

அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன், சிரித்து வேறு தொலைத்தேன். இந்தப் பெரியவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்திருப்பாள். நான் என் டிக்கெட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பஸ் டிக்கெட்டில் படிப்பதற்கு எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

கண்டக்டர் வந்து, "நீ முன்னால வா தம்பி" என்று பையனை டிரைவர் பக்கம் தள்ளினார். அவர் நினைத்திருந்தால் இறக்கியே விட்டிருக்கலாம். 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பஸ்ஸில் பெண்களை முறைப்பது, கண்ணடிப்பது, விசில் அடிப்பது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். எச்சரித்தும் கேட்காவிட்டால் கண்டக்டர் இறக்கிவிடலாம். டிக்கெட்டைப் படிக்கிற பெரியவர்களை என்ன செய்வது என்று விதியில் இல்லை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் நண்பர், எனக்கு முந்தி, என் எலுமிச்சம்பழத்தையும் தட்டிவிட்டு, இறங்கி ஓடினார். சர்க்கரைக்காரர். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு ஞானியின் அமைதி. "அடிவாரத்துலேர்ந்து அடக்கிக்கிட்டே வந்தேன்" என்றார்.

மனைவி கேட்டாள்: "ஏன் அண்ணா, இயற்கை உபாதைதானே? பஸ்ஸிலேயே இருந்துட வேண்டியதுதானே?"

"சேச்சே! என்ன தங்கச்சி இது? நாலு பேர் இருக்கிற இடத்துல..."

"எழுபது வயசுல சர்க்கரையை வெச்சுக்கிட்டு நீங்க இருபது வளைவு அடக்கலாம். இருபத்தஞ்சு வயசுப் பையனால கோரிமேடு வரைக்கும் அடக்க முடியாது. அப்படித்தானே?"

நண்பர் ஏரியைப் பார்க்கப் போகலாம் என்றார்.

ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிடும்போது அவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மேற்கோளுக்குப் பஞ்சமில்லாத மனிதர். ஆம்பளை சேறு கண்ட இடத்தில் மிதிப்பான், தண்ணி கண்ட இடத்தில் கழுவுவான். முள் சேலையில் பட்டாலும் சேலை முள்ளில் பட்டாலும் நஷ்டம் சேலைக்கு. கடைசியாக அந்த ஊசி நூல். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?

இந்த ஊசிப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் ஒரு தரம்கூட ஊசியில் நூல் கோத்திருக்க மாட்டான் என்பது என் மனைவியின் கட்சி. ஊசியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நூலை எச்சில் தொட்டுத் திரித்து, இன்னொரு கையால் நுழைக்கிறோம். ஊசி எங்கே இடம் கொடுத்தது? அதைத்தான் பிடித்து வைத்திருக்கிறதே ஒரு கை!

நண்பர் அடுத்து தாவரவியலுக்குப் போனார். இங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் குடுவைச் செடி இருக்கிறது. பூச்சி தின்னும் செடி. "செடி மினுக்கிக்கிட்டு, வாசனை காட்டிக் கூப்பிடுது. பூச்சி போய் விழுது. பூச்சியையா குத்தம் சொல்லுவீங்க?"

"அதுல செத்துப் போறது பூச்சி அண்ணா. செடி நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்ற கதையில பூச்சிக்கு என்ன ஆச்சு? முன்னால போய் டிரைவர் பக்கத்துல காத்து வாங்கிக்கிட்டுல்ல வந்தான்?"

ஒரு பஜ்ஜி ஆறிப்போயிற்று.

நண்பரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேத்தியைக் காலேஜில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேட்டுக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறவர். அவர் தனி ஆளும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மூன்று முறை முதல்வராக இருந்த முலாயம் சிங் யாதவ், 2014 ஏப்ரலில் மொராதாபாத் தேர்தல் கூட்டத்தில் இதையேதான் பேசினார். மும்பை சக்தி மில் வழக்கில் தூக்குத் தண்டனை கொடுத்திருந்த சமயம். பையன்கள் பையன்கள்தான், தப்பு நடந்துவிடும், அதற்குத் தூக்கா என்று கேட்டார். தூக்கு வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் நியாயம் இருக்கிறது. அவர் எடுத்தது அந்த ஆயிரத்தில் இல்லாத ஒன்றை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டெருமையைப் பாருங்கள் என்றார், காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர். பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டே எங்கள் சண்டையை முழுசாகக் கேட்டிருக்கிறார். சேர்வராயன் மலையில் காட்டெருமை சகஜம். "அதுக்குக் கோபம் வந்தா முட்டும். கூலிக்காரன்னும் பார்க்காது, தொரைன்னும் பார்க்காது, கலெக்டர் வந்தாலும் முட்டும். அதுங்க இயற்கை. ஆள் பார்த்து முட்டற எருமையை நான் இந்த மலையில கண்டதில்லைங்க" என்று சொல்லிவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். பேர் கேட்கத் தவறிவிட்டேன்.

சாயங்காலம் லேடீஸ் சீட். பஸ்ஸில் இருக்கிற லேடீஸ் சீட் அல்ல. மலை விளிம்பில் நாற்காலி மாதிரி பாறை அமைந்த இடம். ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட் எல்லாம் உண்டு. லேடீஸ் சீட்டில் ஆண்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்குகள். தீபாவளி மாதிரி.

"அந்த வெளிச்சத்துக்குள்ள எங்கயோதான் ஜெயில் இருக்கு. அஸ்தம்பட்டியில" என்றாள் மனைவி. "வாச்சாத்திப் பொம்பளைங்களை சேலம் ஜெயில்லதானே வெச்சிருந்தாங்க?"

வாச்சாத்தி இங்கிருந்து வடகிழக்கே, அரூர் தாலுகாவில், சித்தேரி மலை அடிவாரத்தில். இந்த மலையில் காப்பிப் பழம் பறிக்கிற அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அங்கேயும். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் ஊருக்குள் போனார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் உட்கார வைத்து அடித்தார்கள். அதிலிருந்து 18 பெண்களைப் பிரித்து, கட்டையை ஒளித்த இடத்தைக் காட்டு என்று ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களை நாசம் செய்தார்கள். பதின்மூன்று வயசுச் சிறுமிகூட அதில் இருந்தாள். பிறகு அந்தப் பெண்களையே சந்தனம் கடத்தினவர்கள் என்று கேஸ் போட்டு, குழந்தைகளோடு சிறையில் அடைத்தார்கள்.

நாங்கள் அப்போது பேப்பரில் படித்தோம். கவர்ன்மெண்ட் ஆளுங்க அப்படிப் பண்ணுவாங்களா என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். கவனியுங்கள்: தெருப் பையன் செய்தால் இயற்கை, மன்னித்துவிடு. உத்தியோகஸ்தன் செய்தான் என்றால் இயற்கைக்கு விரோதம், நம்பாதே. எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் பெண்தான் பொய்க்காரி. அதே 1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி கேஸ். 1995-ல் கீழ்க்கோர்ட் எல்லோரையும் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. மேல் சாதிக்காரர்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடமாட்டார்கள் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

வாச்சாத்தியைப் பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டன. 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள், ஒருத்தர் பாக்கியில்லாமல். அதில் 17 பேர் பலாத்காரக் குற்றத்துக்கு. 12 பேருக்குப் பத்து வருஷம், 5 பேருக்கு ஏழு வருஷம். அப்பீல் போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்தார். அதே செப்டம்பர் 29-ம் தேதி, 2023-ல், தண்டனையை உறுதி செய்து, 18 பேருக்கும் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னார். முப்பத்தொரு வருஷம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் மனைவி நண்பரிடம் கேட்டாள். குரலில் பழைய கிண்டல் இல்லை.

"இயற்கைன்னா மூணு டிபார்ட்மெண்ட் சேர்ந்து போன இடத்துலதான் வருமா அண்ணா? லாரி ஏற்பாடு பண்ணிக்கிட்டு, கேக்க நாதியில்லாத ஊராப் பார்த்துப் போனப்பறம்தான் வருமா? மேலதிகாரி வீட்டுக்கு ஃபைல் எடுத்துட்டுப் போறப்போ அந்த இயற்கை எங்க போகும்?"

நண்பர் சேலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதையும் இதையும் ஒண்ணாச் சொல்லலை தங்கச்சி. பஸ்ஸுல சாயறதும் அதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைதான். ஆனா நாம சொல்ற சமாதானம் ஒண்ணுதானே?"

இந்த இடத்தில் நான் புகுந்து மனைவி கட்சியில் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசாதீங்க. அந்த டைப்பிஸ்ட் பொண்ணுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

சொல்லிவிடுகிறேன். 1991. நான் ஒரு ஆபீஸில் செக்ஷன் தலைமை. டைப்பிஸ்ட் ஒருத்தி என் மேஜைக்கு வந்து, நின்றபடியே, ஒரு சீனியரின் பேரைச் சொல்லி, கார்பன் பேப்பர் கொடுக்கிற சாக்கில் கையைப் பிடிக்கிறார், ஸ்டோர் ரூமில் வழியை மறிக்கிறார் என்றாள். நான் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவர் சுபாவமே அப்படிம்மா. மனசுல ஒண்ணும் கிடையாது. நீ கொஞ்சம் ஒதுங்கி இருந்துக்கோ" என்றேன். அவள் "சரிங்க சார்" என்று போனாள். இரண்டு மாசத்தில் வேலையை விட்டுவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, ஒரு பிரச்சினையைச் சுமுகமாக முடித்த பெருமையோடு மனைவியிடம் சொன்னேன். முப்பத்து சொச்சம் வருஷமாக அவள் அதை மறக்கவில்லை என்பது லேடீஸ் சீட்டில்தான் தெரிந்தது.

விசாகா தீர்ப்பு 1997-ல்தான் வந்தது, சட்டம் 2013-ல்தான் வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். உட்காரச் சொல்வதற்குச் சட்டம் தேவையில்லை. அந்த சீனியரும், மேனேஜர் ரூமில் இருக்கும்போது ஸ்டோர் ரூம் பக்கம் போகவே மாட்டார். சுபாவத்துக்கு மேனேஜரின் லீவு நாள்கள் எல்லாம் மனப்பாடம்.

மறுநாள் காலை இறங்கினோம். கூட்டம். நண்பர் ஜன்னலோரம், வாய் பேசவில்லை. இறங்குகிற பஸ்ஸில் வளைவு எண்கள் தலைகீழாக வரும். இருபதிலிருந்து ஒன்று வரை எலுமிச்சம்பழம் இல்லாமலே எண்ணி முடித்தேன். ஒன்று தாண்டி, அடிவாரம் தாண்டி, நேர் ரோடு. எனக்கு இரண்டு ஆள் தள்ளி, கூடையோடு நின்ற ஒரு அம்மாள் மேல் ஒரு ஆசாமி சாய்ந்தார். நாற்பது வயசு, நெற்றியில் திருநீறு. பையன் இல்லை.

தொண்டையைக் கனைத்தேன். "சார்... வளைவு முடிஞ்சு போச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கீச்சென்று பஸ் பூராவும் கேட்டது.

"உனக்கென்ன பெரிசு? உன் மேலயா விழுந்தேன்?" என்றார் அவர்.

பதில் எதுவும் தயாராக இல்லை. நண்பர் எழுந்தார். "தங்கச்சி, இப்படி வந்து உக்காரும்மா" என்று அந்த அம்மாளுக்குத் தன் ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு, அந்த ஆசாமிக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சாய்ங்க சார். எனக்கு சர்க்கரை. அடிவாரத்துலேர்ந்து அடக்கிக்கிட்டு நிக்கிறேன். ஜாஸ்தி அழுத்தாதீங்க."

அந்த ஆள் அஸ்தம்பட்டி வரை அசையவே இல்லை.