பாட்டிமார் தமிழில்தான் மறக்கிறார்கள்

செல்லின் சவ்வில் உட்கார்ந்து கொழுப்பு மூலக்கூறுகளைக் கடத்தும் புரதம் ஏபிசிஏ7. அல்சைமர் ஆய்வுக்கென உருவாக்கிய எலிகளில் அது இல்லாவிட்டால், மூளையில் அமிலாய்டு என்ற புரதக் கசடு கூடுதலாகப் படிகிறது. ஏபிசிஏ7-இன் மரபணுவுக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பிருப்பதாக 2011-இல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டார்கள். 2013-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் தேடியபோது அந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆள் மாறினால் விடையின் கனமும் மாறுகிறது. கேரளத்தில் வாழும் நம் தமிழ் ஆட்களிடம் எப்போது தேடுவதாம்? இந்தியாவின் அல்சைமர் சங்கம் 1992-இல் கேரளத்தில்தான் தொடங்கியது. மறதிநோய் அங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் பாட்டிமார் தமிழில்தான் மறக்கிறார்கள். மூணாறு எஸ்டேட்டில் ஆயுசெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய, பள்ளிக்கூடமே பார்க்காத கிழவியிடம் மலையாளத்தில் நினைவுச் சோதனை வைத்தால், தடுமாறுவது மூளையா மொழியா என்று எப்படிப் பிரிப்பது? தப்பான சோதனையில் தேறாதவரின் ரத்தத்தை எடுத்து மரபணு பார்த்து என்ன கிடைக்கும்? மரபணு ஆய்வுக்குப் பணம் வரும்போது வரட்டும். தமிழில் விசாரித்து, கொழுந்து எடையும் சந்தைக் கணக்கும் கேட்டுச் சோதிக்கத் தெரிந்த செவிலியர்களை இந்த மலை ஆஸ்பத்திரிகளுக்கு முதலில் அனுப்புங்கள்.