ரெண்டாவது பெரிய காடாம்!

"உலகத்துலயே ரெண்டாவது பெரிய சதுப்புநிலக் காடுடா இது!" பொங்கல் லீவில் பிச்சாவரம் போனபோது, படகில் ஏறி உட்கார்ந்ததுமே நண்பன் ஆரம்பித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டிவியில் சொல்கிறார்கள், வாட்ஸப்பில் வருகிறது. வடக்குத்துக்கு வரும் சொந்தக்காரர்கள், "உங்க பக்கம் சுரங்கத்தை விட்டா பார்க்க என்னடா இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் நானும் இதே டமாரத்தைத்தான் அடித்திருக்கிறேன்.

பி.காம். படிக்கிறவன் ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது காட்டிய பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். அதாவது 15 சதுர கிலோமீட்டர் கூட முழுசாக இல்லை. இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் சுந்தரவனம் சுமார் 10,000 சதுர கி.மீ. முதல் ரேங்குக்கும் ரெண்டாம் ரேங்குக்கும் 600 மடங்குக்கு மேல் வித்தியாசமா? உலகத்தை விடுங்கள். 2021 வன அறிக்கைப்படி குஜராத்தில் 1,175 சதுர கி.மீ. அலையாத்திக் காடு இருக்கிறது. மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்தே 45 தான். அந்த 45-லும் முத்துப்பேட்டை நம்மை முந்திவிடுகிறது.

"பொய்யாவே இருக்கட்டும், நாலு பேர் வந்து பார்த்துட்டுப் போகட்டுமே" என்பார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. இதைச் சொன்ன அதே நண்பன், பத்து நிமிஷத்தில் காலி வாட்டர் பாட்டிலைத் தண்ணீரில் வீசினான். ஏண்டா என்றால், "இவ்வளவு பெரிய காட்டுல ஒரு பாட்டிலால என்ன ஆயிடப்போகுது?" பெருமை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பார்த்தால் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும். அத்தனையும் வேர். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மேலே வந்து மூச்சு விடுகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போய்ப் படிந்தால் மூக்கைப் பொத்தியது மாதிரிதான். (சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரத்தை இன்றைக்குப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். தொடாதீர்கள், பால் பட்டால் கண் போய்விடும்.)

இந்தக் காடு ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டு எழுந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து குழியாகிவிட்டது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வடியாமல் அங்கேயே வற்றி உப்பேறியது. அப்புறம் அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து, கன்று நட்டுத்தான் திரும்பப் பச்சையானது.

அதன் பலன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை பெருமளவு தப்பியது. காட்டுக்கு முன்னால், கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தே போனது. ஆனால் படகில் போகிறவர்கள் பேசுவதெல்லாம் இங்கே "இதயக்கனி" எடுத்தார்கள், "தசாவதாரம்" எடுத்தார்கள் என்பதுதான். எம்.ஜி.ஆர். பெயர் வைத்த திட்டுக்கு என்ன ஆனது என்று எங்கள் படகில் யாருக்கும் தெரியாது.

நான் போகாதே என்று சொல்லவில்லை. வடலூரில் பஸ் மாறிச் சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம், தாராளமாகப் போங்கள். மோட்டார் படகில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். அது அகலமான வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகுதான் மரங்கள் கூரை போட்ட சந்துக்குள் நுழையும். நாலு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காது சும்மா இருந்தால்தான் கொக்கு எழும்புகிற சத்தம் கேட்கும்.

"சின்னக் காடுன்னு சொன்னா யார்டா வருவா?" என்றான் நண்பன், திரும்பும்போது. 15 சதுர கிலோமீட்டர்கூட இல்லாதது ஒரு ஊரையே காப்பாற்றியது என்று சொல்லிப் பாரேன், அதற்கும் வராதவன் வரவே வேண்டாம் என்றேன்.

படகுக்கார அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வந்த வழியில் மிதந்துகொண்டிருந்த அந்தப் பாட்டிலைத் துடுப்பால் ஒதுக்கி எடுத்து அவன் காலடியில் போட்டார்.