பாம்பு பிடித்தவர்களுக்கு பத்மஸ்ரீ எதற்கு?

‘‘பாம்பு பிடிக்கிற இரண்டு பேருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்களாமே, அதனால் விவசாயிக்கு என்ன பயன்? நெல் அறுத்துக் களத்தில் காவல் படுக்கிற எங்களுக்குப் பாம்பு பயம் அப்படியேதானே இருக்கிறது?’’
- வாசகர் ஒருவர், மார்க்கையன்கோட்டை.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பட்டியலில் அவர்களைச் சமூக சேவை, விலங்கு நலன் என்ற பிரிவில் சேர்த்திருந்தார்கள். மருத்துவத்தில் சேர்த்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். பாம்பு கடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற விஷமுறிவு மருந்து, இவர்களைப் போன்றவர்களின் கையில்தான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1970-களில் அதற்குத் தடை வந்ததும் பிழைப்பு போனது. 1978-ல் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். அது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றன கம்பெனிகள். மலைப்பாம்பு பிடிக்க இந்த இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். வயலில் இறங்குபவனுக்கு இது தொழில் நோய் மாதிரிதான்.

களத்துக் காவல் என்று வாசகர் எழுதியதால் கட்டுவிரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல், பேச்சுக் குழறல் என்றால் அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டிலில், கொசுவலையை ஓரம் செருகிப் படுப்பது நல்லது. வரப்பில் டார்ச் இல்லாமல் தண்ணீர் கட்டப் போகவே கூடாது.

கடிபட்ட இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாமே கெடுதல். கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ சின்னமனூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; மேல் சிகிச்சைக்குக் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்துக்கு அங்கே காசு இல்லை. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, அந்த நான்கின் விஷத்துக்கும் மருந்து ஒன்றுதான்.