மூச்சைக் காக்க எத்தனை மேலிடம்?

செஞ்சிக்கோட்டையின் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். சீயமங்கலத்துக் குடைவரையைக் கண்டுவிட்டு வந்து கோட்டை ஏறும் கட்டிளங்காளைக்கும் மூச்சு இரைக்கிறது. அவனுக்கு நின்று இளைப்பாறப் படியுண்டு. 40,000 அடி உயரத்தில் போர் விமானம் செலுத்தும் இளைஞனுக்கு என்ன உண்டு? 18,000 அடியிலேயே காற்றின் அழுத்தம் பாதியாகிறது. உயிர்க்காற்று குறைந்தால் கருத்து மயங்கும். மயங்குகிறோம் என்பதையே அவன் அறியான்! விமானம் வேகமாக வளைந்து திரும்பினால், தலையிலுள்ள குருதி காலை நோக்கி இறங்கும், கண் இருளும்.

இந்த ஆபத்தை ஆராய நாட்டில் இடம் இல்லையா? இருக்கிறது. 1957இல் பெங்களூரில் தொடங்கிய விமானப்படை மருத்துவப் பள்ளி, இன்று விண்வெளி மருத்துவ நிலையமாக வளர்ந்து நிற்கிறது. 1962இல் பாதுகாப்பு உடலியல் ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. 1982இல் பெங்களூரில் 'டெபெல்' கூடம் எழுந்தது. பறக்கும் விமானத்திலேயே விமானிக்கு உயிர்க்காற்று தரும் கருவியை டெபெல் உருவாக்கியது. 2025 மார்ச் 4இல் தேஜஸ் முன்மாதிரி விமானத்தில் 50,000 அடி வரை சோதனை நடந்தது. பாராட்டுகிறோம்!

ஆனால், மருத்துவர் விமானப்படையின் கீழ். கருவி செய்வோர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ். நாடி பார்ப்பவர் ஒரு வீட்டில், மருந்து அரைப்பவர் மறு வீட்டில்! 2008இல் இராமராவ் குழு அறிக்கை தந்தது. ஆராய்ச்சிக்கூடங்கள் ஏழு தொகுதிகளாயின. 2024இல் விஜயராகவன் குழு அறிக்கை தந்தது. குழுக்களை நாம் குறை கூறவில்லை. விமானியின் முறையீடு எத்தனை மேசைகளைக் கடந்து ஆராய்ச்சியாளரிடம் சேர்கிறது என்றே கேட்கிறோம்.

அமெரிக்காவைப் பாருங்கள். டெக்சாசிலிருந்த விமானப்படைப் பள்ளியையும், புளோரிடாவிலிருந்த கடற்படைக் கூடத்தையும் 2005இல் எடுத்த முடிவின்படி 2011இல் ஓகையோவின் ஒரே தளத்துக்குக் கொணர்ந்தனர். அதே 2011இல்தான் எப்-22 விமானங்கள் நான்கு மாதம் தரையில் நின்றன. விமானிகளுக்கு மூச்சுக் கோளாறு! விமானி அணியும் மார்புக் கவசத்தின் சிறு வால்வு 2012இல் அகப்பட்டது. எந்திரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, உடலை மட்டும் பார்த்தாலும் போதாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே, ஆராய்ச்சியை ஒன்று சேர்க்க என்கிறோம். ஆனால் ஒன்று சேர்ப்பது என்ற பெயரால் கூடங்களை மூடிச் சிக்கனம் பேசலாகாது. கருவி செய்பவரே அது நன்றெனத் தீர்ப்பும் எழுதலாகாது. வேலை ஒரே கூரையின்கீழ் நடக்கட்டும். மருத்துவரின் தீர்ப்பு மட்டும் எவருக்கும் கட்டுப்படாது தனித்து நிற்கட்டும். 2016 முதல் பெண்களும் போர் விமானம் செலுத்துகின்றனர். அவர்தம் உடலளவும் ஆராய்ச்சி ஏட்டில் ஏறட்டும்.

சூலூரிலும் தஞ்சையிலும் விண்ணில் பாய்பவர் ஏழைத் தாய்மார் பெற்ற பிள்ளைகள். அவர்களின் மூச்சு, கோப்புக் கட்டுகளுக்கிடையே சிக்கித் திணறலாமா? மத்திய சர்க்கார் பதில் சொல்லட்டும்!