ஒலிநாடாவில் வந்த கடிதங்கள்

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை உள்ள நம் வீடுகளில் பரணைத் தூய்மை செய்யும் போதெல்லாம் ஒரு பொருள் கைக்கு வருகிறது. எறிவதா, வைத்திருப்பதா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு அது மீண்டும் பரணுக்கே போய்விடுகிறது. பிஸ்கட் தகர டப்பாவிலோ அட்டைப் பெட்டியிலோ அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பழைய ஒலிநாடாக்களைத்தான் சொல்கிறேன். நம் வீட்டுப் பேச்சில் 'கேசட்'. அவற்றில் பாதி பாட்டும் பயானுமாக இருக்கும். மீதியில், உறையின் மேல் பேனாவால் 'தம்மாம் - வாப்பா', 'துபாய் - சின்னவன்' என்று எழுதியிருக்கும். அந்த மீதியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தாம்பரம் வட்டாரத்து வீடுகளில் இவை மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தெற்கிலிருந்து வரும் ரயில்கள் தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் செல்லும். விமான நிலையமோ அதே ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நான்காவதாக வரும் திரிசூலத்தில் இறங்கிவிடலாம். ஆகவே கடற்கரை ஊர்களிலிருந்து சபுராளிகளாகப் புறப்பட்டவர்களுக்கு, இங்கே குடியேறிவிட்ட உறவினர் வீடுகளே தங்குமிடங்களாயின. முதல் நாள் இரவு ஊறுகாய்ப் புட்டிகளோடு வந்து தங்கி மறுநாள் விமானம் ஏறினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கயிற்றால் கட்டிய பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அந்தப் பெட்டிகளில்தான் வானொலியும் ஒலிப்பதிவும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' கருவி வந்தது. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய கேசட்டுகளும் இந்த வழியாகவே வந்தன.

எழுத்து வழியும் குரல் வழியும்

கடல் கடந்து பொருள் தேடுவது நமக்குப் புதிதன்று. பர்மா, இலங்கை, மலேயா என்று சென்றவர்களின் காலத்தில் கடிதமே துணை. கப்பலில் வந்த கடிதம் கைக்குச் சேர வாரங்கள் ஆகும். அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். குர்ஆன் ஓதக் கற்றதால் அரபு எழுத்து தெரிந்த பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்காகத் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் கைகொடுத்தது. அதுவும் தெரியாதவர்களின் நிலை என்ன? கணவன் எழுதியதைக் கொழுந்தன் படிக்க, மாமியார் கேட்க, கதவோரம் நின்று மனைவி கேட்டுக்கொள்வாள். பதிலையும் அப்படியே இன்னொருவர் கையால்தான் எழுத வேண்டும்.

இந்த நிலையில்தான் கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இதை அறிமுகப்படுத்தியபோது, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களை மனத்தில் கொண்டிருக்காது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கடிதம் எழுத முடியும் என்று அந்தச் சிறு பெட்டி காட்டியது. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். அதற்குள் இருப்பது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடு துகள் பூசப்பட்டிருக்கும். வினாடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடும்போது, நம் குரலின் ஏற்ற இறக்கங்கள் அந்தத் துகள்களில் காந்தமாகப் பதிகின்றன. அறுபது நிமிடக் கேசட்டில் இருப்பது ஏறத்தாழ 86 மீட்டர் நாடா. அந்த நீளத்திற்குள் ஒரு குடும்பமே பேசி முடித்துவிடும்.

எப்படிப் பேசினார்கள் என்பதை இன்று கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் சலாம் சொல்வதிலேயே போய்விடும். பெரிய வாப்பாவுக்கு, சாச்சிக்கு, அடுத்த வீட்டு மாமிக்கு, பள்ளிவாசல் மோதினாருக்கு என்று ஒருவர் பெயரும் விடுபடாது. பிறகு வீட்டு வரி, கூரை ஒழுகல், தங்கையின் மாப்பிள்ளைப் பேச்சு. இடையிடையே தொலைவில் ஒரு லாரியின் ஒலி, அறைத் தோழர் இருமும் ஒலி, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். வாப்பா எப்படிப்பட்ட அறையில் இருக்கிறார் என்பதை அவர் சொல்லாமலே பிள்ளைகள் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் பழைய குறை ஒன்று தீரவில்லை. கேசட் வந்தால் கூடத்தில் வைத்துத்தான் போடுவார்கள். அது குடும்பத்தின் பொதுச்சொத்து. பதில் பதியும்போதும் மூத்தவர்கள் முறைப்படி பேசி முடித்த பின்பு, நாடா முடியும் தறுவாயில்தான் மருமகளின் முறை வரும். எல்லாரும் சூழ்ந்திருக்க அவள் என்ன பேசுவாள்? 'நான் நல்லா இருக்கேன்' என்பதோடு நாடா தீர்ந்துவிடும்.

டெக் வந்த நாள்கள்

ஒலிக்குப் பின்னே படமும் வந்தது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் என்று தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடியது. எண்பதுகளில் சபுராளிகள் 'டெக்'கும் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஓர் இரவு வாடகைக்கு மூன்று படம் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கில் விடிய விடிய ஓடியது. தாம்பரத்துத் திரையரங்கு வாசலையே மிதிக்காத பெண்கள், வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆயினும் பக்கத்து அறையில் தஸ்பீஹோடு அமர்ந்திருந்த சிலருக்குக் கதை முழுவதும் தெரிந்திருந்தது!

சினிமாவைக் காட்டிலும் அந்தப் பெட்டியில் பெரிதும் மதிக்கப்பட்டது வேறொரு படம். அது வீட்டுத் திருமண வீடியோ. தங்கையின் நிக்காஹுக்கு விடுப்புக் கிடைக்காத அண்ணன்மார் எத்தனை பேர்! திருமணச் செலவு முழுவதும் அவர்கள் அனுப்பிய பணம். ஆனால் பந்தலில் அவர்கள் இல்லை. மூன்று மாதம் கழித்து யாராவது கொண்டுபோய்க் கொடுத்த வீடியோ கேசட்டை அறைத் தோழர்களோடு சேர்ந்து பார்த்தார்கள். கேமராக்காரர் பூவும் இதயமும் பறக்கவிட்டு, சினிமாப் பாட்டைச் சேர்த்திருப்பார். அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த அண்ணனுக்கு அதில் வேண்டியிருந்தது, சமையல் பந்தலில் வாப்பா நடந்து போகும் நான்கு நொடி மட்டுமே. அவர் முன்னைவிட மெலிந்திருக்கிறாரா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்வார்.

வெள்ளத்தில் நனைந்த குரல்

2015 டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழையை நம் பகுதியினர் மறக்க மாட்டார்கள். அன்றும் அன்றிரவுமாகத் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் இல்லை, செல்பேசிகள் ஊமையாயின. மாடியில் நின்றவர்கள் கீழே மிதந்த தங்கள் வீட்டுப் பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் உறவினரான ஒரு மாமியின் வீடு முடிச்சூரில். தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் அவர் வைத்திருந்த தகர டப்பாவில் ஒன்பது கேசட்டுகள் இருந்தன. எல்லாம் எண்பதுகளில் தம்மாமிலிருந்து அவர் கணவர் பேசி அனுப்பியவை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தண்ணீர் வடிந்து சேற்றை வாரியபோது, மகன் அந்த டப்பாவையும் குப்பையோடு சேர்த்துவிட்டார். பொறியியல் படிக்கும் பேரன் அதைத் திரும்ப எடுத்து வந்தான். "தண்ணி பட்டா காந்தம் அழியாது கண்ணும்மா. சேறுதான் கெடுக்கும்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. தண்ணீர் காந்தப் பதிவை அழிப்பதில்லை. கேசட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருளைத் தூய நீரில் மெல்ல அலசி, வெயில் படாமல் நிழலில் நாள்கணக்கில் உலர்த்தினான். பிறகு புதிய கூடுகளில் மாற்றிப் பொருத்தினான். ஒன்பதில் ஆறு பேசின.

மழை நின்ற மூன்றாம் வாரத்தில் நான் பார்க்கச் சென்றபோது அவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சலாம்கள், தளம் போடும் கணக்கு, மகனின் பள்ளிக் கட்டணம் எல்லாம் முடிந்தன. பிறகு சற்று நேரம் பேச்சில்லை, வெறும் இரைச்சல். அதன் பின் யார் பெயரும் சொல்லாமல், "உடம்பப் பாத்துக்க" என்று ஒரு சொல். பிறகு நாடா நின்றுவிட்டது.

மாமி சொன்னார்: "அது எனக்குச் சொன்னது. அன்னிக்கும் எனக்குத் தெரியும். ஆனா கூடத்துல அத்தன பேரு இருந்தாங்க. திருப்பிப் போடுங்கன்னு எப்படிக் கேக்க?"

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேசட்டைத் தன் அறைக்கு எடுத்துச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு அவர் கேட்டார். நாங்கள் கூடத்திலேயே இருந்தோம்.

வந்ததும் போனதும்

இன்று மருமகளின் கையில் தனிச் செல்பேசி இருக்கிறது. கணவன் முகம் பார்த்துப் பேசுகிறாள். இடையில் யாரும் இல்லை. இது பெரும் பேறு. பழைய காலமே நன்று என்று சொல்பவர்கள் கதவோரம் நின்ற அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐக்கிய அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே நேரடியாகப் பேசுவதற்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. ஆனால் குரல் செய்தி அனுப்பத் தடையில்லை. வாட்ஸ்அப்பில் அந்த வசதி வந்தது 2013இல். நம் பிள்ளைகள் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பினார்கள். இங்கிருந்து உம்மா பேசி அனுப்பினார். அறியாமலே கேசட் கடிதத்திற்குத் திரும்பிவிட்டோம். வேறுபாடு ஒன்றுதான். கேசட் தகர டப்பாவில் முப்பது ஆண்டு கிடந்தது. குரல் செய்தியோ செல்பேசி மாறும்போது, இடம் போதவில்லை என்று அழிக்கும்போது, ஒரு நொடியில் போய்விடுகிறது. நேற்று மௌத்தான உம்மாவின் குரல், காய்கறி வாங்கி வரச் சொன்ன குரல்தான், எங்கேயாவது இருக்கிறதா என்று இரவெல்லாம் செல்பேசியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு மகனை நான் அறிவேன்.

ஆகவே சகோதர சகோதரிகளே, வரும் விடுமுறையில் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் ஒடித்துவிடுங்கள்; தவறிப்போய் மேலே வேறொன்று பதியாது. நாடாவில் வெண்பூசணம் படர்ந்திருந்தால் ஓட்டாதீர்கள்; பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பிறகு கேளுங்கள். நீண்ட காலம் சுற்றியே கிடந்த நாடாவில், சொல்லப்போகும் சொல் இரண்டு மூன்று நொடிக்கு முன்பே மெல்லிய முணுமுணுப்பாகக் கேட்கும். பேய் பேசுகிறது என்று அஞ்ச வேண்டாம். ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. கருவியின் காதுக்குழாய்த் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியில் இணைத்தால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் வழியாகப் பதிந்துகொள்ளலாம். இரண்டு படி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பேசுகிறவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். கருவி பழுதானால் வேறு கருவி கிடைக்கலாம். "இது உங்க பெரிய வாப்பா குரல்" என்று சொல்லக்கூடிய மூதாட்டி போய்விட்டால், அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது, சில பகுதிகள் நமக்கானவை அல்ல என்று தெரிந்தால், குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது அமானிதம். யாருக்கு உரியதோ அவரிடம் கொடுத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.