முகவரி இல்லாத நோயாளி

"காசநோய் பரவாமல் தடுக்கும் வழிகள் யாவை?" சுகாதாரப் பாடத்தில் நமக்குப் பழகிப்போன வினா இது. நாமும் தயங்காமல் விடை எழுதுகிறோம். காற்றோட்டமான அறையில் வசிக்க வேண்டும். சத்துள்ள உணவு உண்ண வேண்டும். இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். மருத்துவர் கூறும் காலம் வரை தவறாது மருந்து உட்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அன்புத் தோழியரே, அந்த விடையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஓர் அறை, ஓர் அடுப்பு, மருந்தை வைக்க ஓர் அலமாரி, வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஒரு தாய் என்று ஒரு முழு வீடே அதற்குள் ஒளிந்திருக்கிறது.

வீடே இல்லாதவர் என்ன செய்வார்? அப்படிப்பட்டவர் ஒருவர் இருவர் அல்லர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவில், நடைபாதையிலும் பாலத்தடியிலும் இரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருந்தவர்களைத் தேடித் தேடி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

காசநோய்ச் சிகிச்சையில் நம் சென்னைக்கு உலகப் புகழ் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் காசநோயாளி என்றால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே விதி. படுக்கைகளோ குறைவு, நோயாளிகளோ ஏராளம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு துணிவான சோதனையில் இறங்கியது. 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்து அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசலும் அரைவயிற்றுச் சோறும்தான். ஆயினும் 1959இல் முடிவுகள் வெளியானபோது, குணமடைந்தோர் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. வீட்டிலிருந்த உறவினருக்கு நோய் தொற்றும் அபாயமும் கூடவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த வெற்றியின் உள்ளே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். குடிசையோ ஒண்டுக்குடித்தனமோ, தேடிப் போனால் ஆள் கிடைக்கும் இடம் ஒன்று இருந்தது. உலகம் சானடோரியத்தை மூடியபோது, வீடு உள்ள ஏழைக்கு நன்மை பிறந்தது. வீடே இல்லாத ஏழைக்கு, இருந்த ஒரு படுக்கையும் போயிற்று என்பது என் எண்ணம்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடல் தேறுகிறது. ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். வீட்டில் இருப்பவரை, "மாத்திரை போட்டாயா?" என்று கேட்க ஆள் உண்டு. நடைபாதையில் இருப்பவருக்கு ஒரு மழையில் மாத்திரை அட்டை நனைந்துவிடும். ஓர் இரவில் பை திருட்டுப் போகும். மருத்துவமனை திறந்திருக்கும் நேரமும் கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கும்.

"அவர்களில் பலர் குடிகாரர்கள், மருந்து கொடுத்தால் மட்டும் சாப்பிடுவார்களா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். குடிப்பவர்களும் உண்டு; மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் கையில் எடுத்துக் கொடுக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இதற்கு நாம் செய்வது என்ன? துரத்துகிறோம். தலைவர் ஒருவர் வருகிறார் என்றால், கால்வாய் தோண்டுகிறார்கள் என்றால், கடைக்காரர் புகார் செய்தார் என்றால், முதலில் எழுப்பி அனுப்பப்படுபவர் நடைபாதையில் இருப்பவரே. நோயைத் தெருவை விட்டு அனுப்பியதாக நமக்கு எண்ணம். உண்மையில் மூன்றாம் மாத மருந்தோடு நின்றுபோன ஒருவரை, செவிலியரால் கண்டுபிடிக்க முடியாத வேறொரு தெருவுக்கு அனுப்பியிருக்கிறோம்.

நம் அச்சமும் அளவுக்கு மீறியது. அவர் தொட்ட நாணயத்தாலோ, அவரைக் கடந்து நடப்பதாலோ காசநோய் தொற்றிக்கொள்வதில்லை. மூடிய இடத்தில் ஒரே காற்றை நெடுநேரம் பகிர்ந்துகொள்வோரிடையேதான் அது பரவுகிறது. நெருக்கியடித்துப் படுக்கும் காற்றில்லாத கூடத்தில் அபாயம் அதிகம். ஆகவே காப்பகம் கட்டினால் மட்டும் போதாது. அதற்குச் சன்னல்கள் வேண்டும், நுழையும்போதே இருமலைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டும்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நம் சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் அதில் பங்கு பெற்றனர். காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பருப்பும் ஒரு மருந்து என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்! நடுவண் அரசும் நோயாளியின் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அரிசி கொடுத்தாலோ பொங்கித் தின்ன அடுப்பு வேண்டும். விழா நாள்களில் நாம் கொடுக்கும் சோற்றுப் பொட்டலம் நல்ல காரியந்தான். எனினும் அது ஒரு வேளைக்கு. கிருமியோ ஆறு மாதக் கணக்குப் பார்க்கிறது.

என் கருத்து இதுதான். வீடற்ற காசநோயாளிக்கு மருந்துச் சீட்டோடு ஒரு கட்டிலையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய சானடோரியம் திரும்ப வேண்டாம். ஆறு மாதம் தங்க ஓர் இடம், பூட்டி வைக்க ஒரு சிறு பெட்டி, மூன்று வேளைச் சோறு, காலையில் மாத்திரையை நீட்ட ஒரு கை, இவ்வளவே. பெண்களுக்குத் தனி இடம் அவசியம். மானத்துக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு எந்த மருந்தால் உடல் தேறும்?

ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவு பகல் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே கூறிவிட்டது. இடம் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. "காப்பகம் வரட்டும், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்" என்று மனு எழுதுவோர் படித்தவர்கள். அப்படியொரு மனு கையெழுத்துக்காக நம் வீட்டு வாசலுக்கும் வரலாம். பெற்றோரே, பேனாவை எடுக்குமுன், அதே தெருமுனையில் படுத்து இருமுகிறவர் இப்போது யாருடைய கவனிப்பில் இருக்கிறார் என்று மனு கொண்டுவந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.