சுற்றுலான்னா எல்லாரும் போகணும்!



இந்த வருஷச் சுற்றுலா எங்கே என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. 'தீம் பார்க்' என்பவர்கள் ஒரு கட்சி. தும்பா விண்வெளி அருங்காட்சியகம் என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

தும்பா, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கடற்கரைக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோளோ அதற்கும் மேலே சுற்றுகிறது. நடுவில் இருப்பதை ஆராய ராக்கெட்தான் வேண்டும். அதனால்தான் விக்ரம் சாராபாய் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்.

1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவில் செய்தது. நம் நாட்டிலேயே செய்த ராக்கெட் 1967-இல் பறந்தது. அதன் விட்டம் எவ்வளவு தெரியுமா? வெறும் 75 மில்லிமீட்டர்! நம்ம தண்ணி டம்ளர் அளவுதான். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதே, அந்தப் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

இப்போது அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் ஒரு பழைய தேவாலயம். அந்த ஊர் மீனவ மக்கள் தாங்கள் கும்பிட்ட கோயிலையும், குடியிருந்த இடத்தையும் நாட்டுக்காக விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தேவாலயம்தான் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம். அப்துல் கலாம் அங்கே வேலை பார்த்தவர்.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. போன வருஷச் சுற்றுலாவுக்கு நம் வகுப்பில் 11 பேர் வரவில்லை. அதில் 7 பேர் வீட்டில் அப்பா கடலுக்குப் போகிறவர். "காய்ச்சல்", "சித்தி கல்யாணம்" என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் பணம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. மீனவர்கள் கொடுத்த இடத்தைப் பார்க்கப் போகும்போது மீனவர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் அது நியாயமா?

அவர்கள் வந்தால்தான் நல்ல கேள்வியும் வரும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது நம்ம குமரி மாவட்டத்தில் கடலுக்குப் போன பலர் திரும்பி வரவில்லை. மேலே செயற்கைக்கோள் புயலைப் பார்க்கிறது. சரி, அந்த எச்சரிக்கை நடுக்கடலில் செல்போன் டவர் எட்டாத படகுக்கு எப்படிப் போய்ச் சேரும்? இதைக் கேட்க நம்மைவிட அவர்களுக்குத்தான் உரிமை அதிகம்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ராக்கெட் பொம்மையப் பாக்குறதுல என்ன இருக்கு? போர் அடிக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வரிசையில் நடந்தால் போர் அடிக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் முன்கூட்டியே திட்டம் போடுவோம்:

1. ஒரு மாதம் முன்பே தலைமை ஆசிரியர் மூலம் கடிதம் எழுதி அனுமதியும் விடுமுறை விவரமும் கேட்போம். அது பாதுகாப்பு மிகுந்த இடம்.

2. வகுப்பை 6 குழுவாகப் பிரிப்போம். எரிபொருள், செயற்கைக்கோள், வானிலை என்று குழுவுக்கு ஒரு தலைப்பு, ஐந்து கேள்வி. திரும்பி வந்ததும் பதில்களை இதே சுவரில் ஒட்டுவோம்.

3. தனி பஸ் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் அன்றைக்கே திரும்பலாம். சாப்பாடு வீட்டிலிருந்து பொட்டலம்.

4. இன்றிலிருந்தே வகுப்பில் ஒரு உண்டியல். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். பெயர் எழுத வேண்டாம். பணம் கட்டாதவர் பட்டியலை வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம்.

விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு நல்ல சேதி. பக்கத்திலேயே வேளியில் ஏரியும் கடற்கரையும் இருக்கின்றன. சாயங்காலம் ஆசை தீர ஆடலாம்!

தீம் பார்க் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். நம்ம கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அடுத்த வருஷமும் நம்மோடு படிப்பார்களா? யோசியுங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் கை தூக்கும்போது, வர முடியாதவரையும் நினைத்துக் கை தூக்குங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி